அந்த ரெண்டாவதை விட்டுடு

என் பிஎச்.டி. கைடு பாக்குத்தூள் போடுகிறவர். சின்னச் சின்ன பாக்கெட்டுகளைச் சரமாக வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்திருப்பார். ஒன்றைக் கிழித்து வாயில் கொட்டிக்கொள்வார். ஊறியதும், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருந்த குப்பைக்கூடையில் துப்புவார். நாங்கள் அதில் போட்ட வரைபடங்களும் பென்சில் சீவல்களும் செம்பழுப்பாக நனைந்து கிடக்கும். பிறகு வாயோரத்தைத் துடைத்த அதே விரல்களால் கீபோர்டைத் தொடுவார். காலையில் போனதும் ஈரத்துணியால் அதைத் துடைத்த பிறகுதான் நான் உட்காருவேன். நட்சத்திரங்களைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கூடைதான். எனக்கே அது அசிங்கமாக இருக்கிறது. ஆனால் வேறு எங்கிருந்தும் இதைத் தொடங்க முடியவில்லை.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி அது. வண்டலூரைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், இயற்பியல் துறையில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்திருந்தேன். வீடு இரும்புலியூரில். கல்லூரி நின்ற இடம் ஒரு காலத்தில் தாளாளர் குடும்பத்தின் நெல்வயல். மழைக்காலத்தில் கேட்டுக்குள் இன்னும் தவளை கத்தும். காற்று திசை மாறினால் மிருகக்காட்சி சாலையின் வாடை வகுப்புக்குள் வரும். சில மாலைகளில் சிங்கம் உறுமுவது கேட்கும். யாரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

நாங்கள் ஆராய்ந்தது எக்ஸ் கதிரில் துடிக்கும் நட்சத்திரங்களை. பெரிய நட்சத்திரம் ஒன்று வெடித்துச் செத்த பிறகு, அதன் நடுப்பகுதி நசுங்கி, தாம்பரத்துக்கும் கோடம்பாக்கத்துக்கும் நடுவில் அடங்கிவிடுகிற ஓர் உருண்டையாக மிஞ்சும். அதற்குள் நம் சூரியனைவிட அதிகமான கனம். நியூட்ரான் நட்சத்திரம் என்பார்கள். சுழலும்போது கலங்கரை விளக்கம் மாதிரி நம் பக்கம் ஒரு வீச்சு வீசிவிட்டுப் போகும். நமக்கு அது துடிப்பாகத் தெரியும், பல்சர் என்பது அதைத்தான். இந்த இனத்தில் சில விசித்திரப் பிறவிகள் இருந்தன. பக்கத்தில் இழுத்துத் தின்பதற்குத் துணை நட்சத்திரம் கிடையாது. சுழற்சியும் மந்தம், ஒரு சுற்றுக்குப் பல விநாடிகள். அந்தச் சுழற்சி தளர்வதால் கிடைக்கக்கூடிய சக்தியைவிட எத்தனையோ மடங்கு அதிகமாக எக்ஸ் கதிரைக் கொட்டிக்கொண்டிருந்தன. எங்கிருந்து வருகிறது இந்த வெளிச்சம் என்று உலகம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நினைத்துப் பார்க்க முடியாத அளவு பெரிய காந்தப்புலம் அவற்றுக்குள் இருக்கிறது, அது சிதைவதுதான் வெளிச்சமாகிறது என்ற விளக்கம் அந்த வருடங்களில்தான் வலுத்துக்கொண்டிருந்தது.

எக்ஸ் கதிர் காற்றுமண்டலத்தைத் தாண்டிக் கீழே வராது. மேலே சுற்றும் செயற்கைக்கோள்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்த்துத் தரும்படி விண்ணப்பித்த ஆய்வாளர்களுக்குக் கொஞ்ச காலம் அந்தப் பதிவு சொந்தம். அதற்குப் பிறகு பதிவுகளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடுவார்கள். எங்கோ ஒரு தேசம் அனுப்பிய செயற்கைக்கோள் பார்த்ததை, வண்டலூரில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியும் எடுத்துப் பார்க்கலாம் என்பது அந்த வயதில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதையாகத் தோன்றியது. கல்லூரியின் இணைய வேகத்துக்கு அது இறங்காது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் இறக்கி, சி.டி.யில் எழுதி எடுத்துவருவேன். "இன்னா மேடம், புதுப் படமா?" என்று கடைக்காரர் கேட்பார். "ஆமாண்ணா, ஸ்டாருங்க படம்தான்" என்பேன்.

அந்தப் பதிவில் படம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒளித்துகள் ஒவ்வொன்றும் எந்த நொடியில் வந்து விழுந்தது என்ற எண்கள்தான், மணல் மாதிரி கொட்டிக் கிடக்கும். சரியான இடைவெளி பார்த்து அந்த நேரங்களை மடிக்க வேண்டும். புடவையை மடிக்கும்போது கரையின் பூக்கள் ஒன்றன்மேல் ஒன்று வந்து உட்காருமே, அதுபோல. தப்பான இடைவெளியில் மடித்தால் எல்லாம் கலைந்து தட்டையாகிவிடும். சரியாக மடித்த கணத்தில் துடிப்பு எழுந்து நிற்கும். முதல் தடவை அப்படி எழுந்து நின்றபோது நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். நான் அங்கே இருந்தது அதற்காகத்தான். மற்றதையெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு சகித்தேன்.

என்னோடு இன்னோர் ஆய்வு மாணவனும் இருந்தான். எனக்கு ஒரு வருடம் இளையவன். கோவளத்துக்குப் பக்கத்தில் மீனவக் குப்பம். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கேளம்பாக்கம் சந்தையில் மீன் விற்கிறவர். அந்தக் குடும்பத்தில் எம்.எஸ்ஸி. முடித்த முதல் ஆள் அவன். நான் அவனைத் தம்பி என்று கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். புரோகிராம் எழுதுவதில் துறையில் அவனுக்கு இணை கிடையாது.

அவன் டிபன் பாக்ஸில் தினமும் மீன்குழம்பு இருக்கும். சேர்ந்த முதல் வாரமே கைடு கதவருகில் நின்று மூக்கைச் சுளித்தார்.

"யாருப்பா இது? ரூம் பூரா வாடை. இது லேபா, மார்க்கெட்டா?"

தம்பி சட்டென்று மூடியை மூடினான். "சாரி சார்."

"சாப்பிட வேணாம்னு சொல்லல. வெளியில போய்ச் சாப்பிடு. காத்தோட்டமா."

காற்றோட்டமான இடம் என்று அவர் கை காட்டியது சைக்கிள் ஸ்டாண்டை. அன்றிலிருந்து அவன் அங்கேதான் சாப்பிட்டான், ஒரு சிமென்ட் கட்டையின் மேல், சைக்கிள்களுக்கு நடுவில். துறையில் கோழி தின்கிறவர்கள் எல்லோரும் உள்ளேயே உட்கார்ந்து தின்றார்கள். கைடு வீட்டிலிருந்தே சில நாள் மட்டன் வரும். எலும்பைச் சப்பி வரைபடக் காகிதத்தின் மேல் வைப்பார். நான் என் தயிர்சாதத்தை எடுத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்விடுவேன்.

"நீ ஏங்கா வெயில்ல வர்ற? உள்ளயே துன்னு."

"உள்ள உக்காந்தா எனக்கு இறங்க மாட்டேங்குதுப்பா."

அந்த வருடம் கல்லூரிக்குப் பல்கலைக்கழகத் தகுதி வாங்கிவிட வேண்டும் என்று தாளாளர் முடிவு செய்தார். ஜி.எஸ்.டி. ரோடு நெடுக அப்போது எல்லாக் கல்லூரிக்காரர்களுக்கும் அதே ஜுரம். ஆய்வுக்குழு ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போகும். காட்டுவதற்கு ஏதாவது வேண்டும். எல்லாத் துறைத் தலைவர்களுக்கும் உத்தரவு போனது. எங்கள் கைடும் துறைத் தலைவர்தான்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் தம்பி ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, இங்க வாயேன். இத்த பாரு."

நன்கு தெரிந்த ஒரு விசித்திரத் துடிப்பு நட்சத்திரத்தைக் குறிவைத்து எடுத்த பதிவு அது. அவன் காட்டியது அதை இல்லை. அதே காட்சியின் ஓரத்தில், கேமரா தட்டின் விளிம்பை ஒட்டி மங்கலாக இருந்த வேறொரு புள்ளியை. அதன் நேரங்களை மடித்து வைத்திருந்தான். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்கியது. இந்த இனத்தில் அவ்வளவு மெதுவான ஒன்றை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

நான் வாய் திறப்பதற்குள் கைடு பின்னால் வந்து நின்றுவிட்டார். திரையைப் பார்த்தார். அவர் மூச்சில் பாக்கு வாசனை என் கழுத்தில் பட்டது.

"இது என்னது? பீரியட் எவ்வளவு?"

தம்பி சொன்னான். அவர் அங்கேயே செல்போனை எடுத்துத் தாளாளரைக் கூப்பிட்டார். "ஐயா, ஒரு நல்ல சேதி. உலகத்துலயே ஸ்லோவான பல்சர். நம்ம காலேஜ்ல, ஐயா. நான் கண்டுபிடிச்சிருக்கேன்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் கூடையைப் பார்த்தேன்.

அன்று மத்தியானம் சைக்கிள் ஸ்டாண்டில் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. "அக்கா, ரொம்ப அழகா கீது. அதான் பயமா கீது" என்றான். எனக்கும் அதே எண்ணம். செயற்கைக்கோளின் கையேட்டை இணையத்திலிருந்து எடுத்து இரண்டு பேரும் பக்கம் பக்கமாகப் படித்தோம். அதில் இருந்தது விஷயம். அந்தச் செயற்கைக்கோள் ஒரே இடத்தை வெறித்துப் பார்க்காது. கேமராவில் ஒரே புள்ளியில் வெளிச்சம் விழுந்துகொண்டே இருக்கக்கூடாது என்பதற்காக, மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டே பார்க்கும். விளிம்பை ஒட்டி இருக்கிற நட்சத்திரம் ஒவ்வோர் ஆட்டத்திலும் கொஞ்சம் வெளியே நழுவி, மறுபடியும் உள்ளே வரும். நழுவும்போது மங்கும், வரும்போது ஒளிரும். அந்த ஆட்டத்தின் கால அளவும் நாங்கள் கண்ட 'துடிப்பின்' கால அளவும் ஒன்றாக இருந்தன.

சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்று நான் இன்னொரு வேலை செய்தேன். அதே பதிவில், அதே மாதிரி விளிம்பை ஒட்டி, எதிர்ப்பக்கத்தில் வேறொரு மங்கல் நட்சத்திரம் இருந்தது. அதையும் எடுத்து மடித்தோம். அதுவும் அதே தாளத்தில் துடித்தது. வானத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு நட்சத்திரங்கள் ஒரே தாளத்தில் துடிக்க வழியே இல்லை.

தம்பி நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "கடல்ல தூரத்துல ரெண்டு போட்டு ஒரே மாதிரி ஆடுதுன்னா, அந்த போட்டுங்க ஆடலக்கா. நாம நிக்கிற போட்டு ஆடுது."

எனக்கு அப்போது அருவருப்பு எதுவும் இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு தப்பை நாங்களே பிடித்துவிட்டோம் என்ற நிம்மதி. இரண்டு வரைபடங்களையும் அச்செடுத்துக்கொண்டு கைடு அறைக்குப் போனோம். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முதல் படத்தையும் இரண்டாவது படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் எண்ணெய் விரலை இரண்டாவது படத்தின் மேல் வைத்தார்.

"இதை யார் எடுக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். செக் பண்ணிப் பார்த்தோம். இது நட்சத்திரத்தோட துடிப்பு இல்ல, சேட்டிலைட்டோட ஆட்டம்."

"அந்த ரெண்டாவதை விட்டுடு."

"சார்?"

"பேப்பர்ல அதைப் பத்திப் பேச்சே வேணாம். முதல்ல இருக்கறது மட்டும் போதும். நீ எடுக்கலன்னா அது யாருக்குத் தெரியப்போகுது? என்னம்மா இப்படிக் கொழந்த மாதிரி?"

கோபத்தோடு சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். அவர் குழம்பில் அதிகம் விழுந்த கறிவேப்பிலையை ஒதுக்குவது போலச் சொன்னார். சொல்லிவிட்டு நிஜமாகவே ஒன்றை எடுத்துத் தட்டோரத்தில் வைத்தார். பொய் சொல்கிறவர்களை அதற்கு முன்னாலும் பார்த்திருக்கிறேன். ஆனால் சொல்கிறவர்களுக்கு முகத்தில் கொஞ்சமாவது நிழல் விழும். இவருக்கு அது இல்லை.

"அப்படின்னா என் பேரை எடுத்துடுங்க சார்" என்றேன்.

"எடுத்துட்டா போச்சு" என்றார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பி, அதுவரை நான் கேட்டிராத குழைவான குரலில், "உன் பேரை எடுக்க மாட்டேம்பா. நீதானே மொதல்ல பார்த்த. உன் பேர்தான் மொதல்ல வரணும்" என்றார்.

"வேணாம் சார். எம்பேரும் வேணாம்."

"உன் ரிஜிஸ்ட்ரேஷன் என் கையில இருக்குங்கறது ஞாபகம் இருக்கட்டும். போ."

அந்தக் குழைவு எதற்கு என்று அன்று எங்களுக்குப் புரியவில்லை.

இரண்டு வாரத்துக்குள் ஜி.எஸ்.டி. ரோட்டில், கல்லூரி வளைவுக்கு மேலே, ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் எழுந்தது. தாளாளரின் கும்பிட்ட கை, அதற்குப் பின்னால் ஊதா நிறத்தில் வானம், அதில் பல்லெல்லாம் தெரிய கைடின் முகம். நட்சத்திரத்துக்குத் தாளாளரின் காலஞ்சென்ற தாயாரின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். அந்த அம்மாளின் படமும் ஒரு நட்சத்திரத்துக்குள் இருந்தது. இயற்பியல் படித்த யாராவது பஸ்ஸில் போகும்போது இதைப் பார்த்துவிடுவார்களோ என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. பார்த்தவர்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. என் அம்மாகூட, "உங்க காலேஜ்ல ஏதோ நட்சத்திரம் கண்டுபிடிச்சாங்களாமே, நீயும் அதுல இருக்கியா?" என்று பெருமையாகத்தான் கேட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "சீ" என்று ஒரே சொல் சொல்லி அரிசி களையப் போய்விட்டாள்.

ஆய்வுக்குழு வருவதற்கு முந்தின நாள் கைடு தம்பியைக் கூப்பிட்டார். "ஏம்பா, உங்க ஊர்ல வஞ்சிரம் நல்லா கெடைக்கும்ல? பெரிய மீனா பார்த்து உங்கம்மாவை மசாலா தடவிக் குடுக்கச் சொல்லு. கேன்டீன்ல வறுத்துக்கலாம். வர்றவங்க மீன்னா விரும்பிச் சாப்பிடுவாங்களாம்."

தம்பி கொண்டுவந்தான். கேளம்பாக்கம், வண்டலூர் என்று இரண்டு பஸ் மாறி, பெரிய எவர்சில்வர் தூக்கில். குழுவில் வந்திருந்தவர்களில் ஒருவர் எங்கள் வரைபடத்தைப் பார்த்து, "இதை மொட்டை மாடியிலிருந்து பார்க்க முடியுமா?" என்று கேட்டார். அதுதான் அன்று கேட்கப்பட்ட ஒரே கேள்வி. மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மத்தியானம் ஏ.சி. அறையில் அந்த மீனை வைத்துக்கொண்டு கைடு சொன்னார்: "ஃப்ரெஷ் சார். நேரா கடல்லேர்ந்து. நம்ம ஸ்காலர் வீட்டுலேர்ந்தே வந்தது." அறை முழுக்க மீன் வாசனை. ஒருவர் மூக்கும் சுளியவில்லை. தம்பி பரிமாறிக்கொண்டு நின்றான். கைடு முள்ளை எடுத்துத் தட்டோரத்தில் வைத்தபடி, "இன்னொண்ணு போடு" என்றார். நான் வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

கட்டுரை, தம்பியின் பெயர் முதலில் இருக்க, வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்குப் போயிருந்தது. சில மாதங்களில் பதில் வந்தது. படித்துப் பார்த்த அறிஞர், யாரென்று எங்களுக்குத் தெரியாது, மரியாதையாக ஒரே கேள்வி கேட்டிருந்தார்: அதே பதிவில் விளிம்பை ஒட்டியிருக்கும் வேறு நட்சத்திரங்களைப் பார்த்தீர்களா? அவற்றிலும் இதே கால அளவு தெரிகிறதே? கட்டுரையை நிராகரித்திருந்தார்கள். சேதி எப்படியோ தாளாளர் காதுக்கும் போனது. தாளாளர் எங்கள் மூவரையும் கூப்பிட்டனுப்பினார்.

அவர் அறையில் அந்த அம்மாளின் படத்துக்கு மாலை போட்டு ஊதுபத்தி ஏற்றியிருந்தது. கைடு நாங்கள் உட்காருவதற்கு முன்பே தொடங்கிவிட்டார். "ஐயா, இந்தப் பையன் என்னை ஏமாத்திட்டான். ரெண்டாவது நட்சத்திரத்தைப் பார்த்திருக்கான். எங்கிட்ட மறைச்சுட்டான். பேப்பர்ல மொதல் பேர் அவனோடது. பொறுப்பு அவனோடது."

தம்பியின் முகம் வெளிறிவிட்டது. முதல் பெயரை அப்படிக் குழைந்து குழைந்து கொடுத்தது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது பெருமைக்காகக் கொடுத்த பெயரே இல்லை. ஏதாவது நடந்தால் தலையைக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே பார்த்துவைத்த இடம்.

"பொய் ஐயா" என்றேன். "ரெண்டாவதை எடுத்தது நான். ரெண்டு படத்தையும் நானே சார் மேஜையில வெச்சேன். இந்தத் தம்பியும் கூட நின்னாரு. சார் சாப்பிட்டுக்கிட்டே ‘அந்த ரெண்டாவதை விட்டுடு’ன்னு சொன்னார். அதனாலதான் என் பேர் அந்தப் பேப்பர்ல இல்ல. ஏன் இல்லன்னு நீங்களே அவரைக் கேளுங்க."

கைடு என்னைப் பார்க்கவே இல்லை. தாளாளர் தாயாரின் படத்தின் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

"அப்ப அந்த நட்சத்திரம் கீதா, இல்லியா?"

"நட்சத்திரம் இருக்குது ஐயா. துடிக்கல, அவ்வளவுதான்."

"கீதுல்ல? பின்ன இன்னா? ஆத்தா பேரு அதுல இருக்கட்டும். போர்டு இருக்கட்டும்." அவர் முகம் தெளிந்துவிட்டது. "சார் பெரியவரு, துறைக்குத் தலைவரு. அவர இன்னா பண்றது? இந்தப் பையனை நிறுத்திடுங்க. ஒழுங்கு இல்லன்னு போட்டுடுங்க. நீ எதுக்குமா பெரியவங்க விசயத்துல வாய குடுக்கற? உனக்குக் கல்யாணம் காட்சி ஆவலியா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கோபம் வரவில்லை. சாக்கடையில் கால் வைத்துவிட்டால் ஒரு கணம் உடம்பு முழுக்கக் கூசுமே, அதுதான் வந்தது. யாரும் யாரையும் நம்பவைக்க வேண்டிய தேவையே அந்த அறையில் இல்லை. எது உண்மை என்பது நான்கு பேருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது, தெரிந்தும் அது அந்த இருவர் கையில் ஒட்டவில்லை.

தம்பி அன்றே போய்விட்டான். நான் அவனோடு வண்டலூர் பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். அவன் சொன்னது ஒன்றுதான்: "உன் பேரு கெட்டுடப் போவுதுக்கா, நீ போ."

நானும் அங்கே இருக்கவில்லை. நகரத்தில் இன்னோர் ஆய்வு நிறுவனத்தில் ஒரு பேராசிரியை என்னை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். ஆனால் கைடு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டால்தான் மாற முடியும். அவர் போடவில்லை. திங்கள் வா, வியாழன் வா, தாளாளர் இல்லை, பேனா இல்லை. வாசலில் உட்காரவைத்து, உள்ளே பாக்கைக் குதப்பிக்கொண்டு யாரோடாவது சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். ஒரு தடவை, "என் பொண்ணுக்கு ஃபிசிக்ஸ் டியூஷன் எடுத்தா கையெழுத்துப் போடறேன்" என்றார். வெளியே வந்து நெடுநேரம் வேப்பமரத்தடியில் நின்றேன்.

அந்தச் சமயத்தில் ஆய்வுக்குழு இரண்டாவது முறையாக வரப்போகிறது என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அவர்கள் வந்த அன்று காலையில், அம்மாவின் பச்சைப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, கல்லூரிக்குப் போனேன். வரவேற்பு மேஜைக்கு எதிரில், குழு ஏறி வரும் படிக்கட்டில், சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். கையில் அந்த இரண்டு வரைபடங்களும் கையெழுத்தாகாத என் விண்ணப்பமும் இருந்தன. யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. கைடு பார்த்தார். முகம் மாறியது. கிட்டத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தார்.

"இங்க என்ன பண்றே?"

"வர்றவங்களைப் பார்த்து வணக்கம் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன் சார்."

கார்கள் வளைவுக்குள் நுழையும் சத்தம் கேட்டது. அவர் என் கையிலிருந்து விண்ணப்பத்தைப் பிடுங்கி, சந்தனக் கிண்ணத்தட்டின் மேல் வைத்தே கையெழுத்துப் போட்டார். தாளில் சந்தனம் ஒட்டிவிட்டது. பின்வாசல் வழியாகப் போகச் சொன்னார். நான் முன்வாசல் வழியாகத்தான் போனேன்.

வெற்றி பெற்ற மாதிரி இருந்ததா என்று என் பேராசிரியை பிறகு கேட்டார். இல்லை. அந்த மனிதரிடமிருந்து எதையும் நியாயமாக வாங்க முடியவில்லை, பயமுறுத்தித்தான் வாங்க முடிந்தது என்பது இப்போதும் கசக்கிறது.

புது இடத்தில் தம்பிக்கும் இடம் இருந்தது. நடந்ததைக் கேட்ட பேராசிரியையே "அந்தப் பையனையும் கூட்டிட்டு வா" என்று சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனேன். அவன் அம்மா எனக்கு நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கி வரச் சொல்லி, பக்கத்தில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். தம்பி ஓ.எம்.ஆரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்திருந்தான். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான்.

"வேணாங்கா."

"அங்க அந்த மாதிரி ஆளுங்க இல்லப்பா. நானே இருக்கேன்ல."

"நீ கீற, தெரியும். பழி போட்டான், அத்த கூட மறந்துடுவேன். அந்த சைக்கிள் ஸ்டாண்டு கீதே, அத்த மறக்க முடியலக்கா. எங்கம்மாவுக்கு அது இன்னிக்கி வரிக்கும் தெரியாது." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இந்தக் கம்பெனில கேன்டீன் கீது. எல்லாரும் ஒண்ணா உக்காந்து துன்றோம். எவனும் திரும்பிப் பாக்கல. எனக்கு அது போதும்."

அவன் அம்மாவின் காதில் விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன். "இன்னாடா சைக்கிள் ஸ்டாண்டு?" என்று கேட்டார். அவன், "ஒண்ணுல்லமா, வண்டி வுடற எடம்" என்றான். நான் கலரைக் குடித்துவிட்டு எழுந்தேன். அதற்குமேல் அவனை வற்புறுத்தவில்லை.

நான் தொடர்ந்தேன். அந்த விசித்திர நட்சத்திரங்களில் ஒன்றின் பழைய பதிவுகளையெல்லாம் சேர்த்து, அதன் சுழற்சி எப்படித் தளர்கிறது, இடையில் ஒரு முறை எப்படித் திடீரென்று வேகம் பிடித்தது என்று பார்ப்பதில் வருடங்கள் போயின. சின்ன வேலைதான். உலகத்திலேயே மெதுவானது எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் விளிம்பில் இருப்பவற்றை முதலில் சோதித்துவிடுவேன். பட்டம் கிடைத்ததும் தம்பிக்கு போன் செய்தேன். மகிழ்ச்சியாகப் பேசினான்; அந்த வேகம் பிடித்த கதையை விவரமாகச் சொல்லச் சொல்லிக் கேட்டான். கேட்டுவிட்டு, "உள்ள இன்னாவோ ஒடஞ்சிருக்கும்க்கா" என்றான். அதுதான் அப்போது பலரும் நம்பிய விளக்கம்.

கைடு அதே கல்லூரியில் முதல்வரானார். கல்லூரிக்குத் தகுதியும் கிடைத்தது. ஃப்ளெக்ஸ் மழையில் கிழிந்தபோது புதிதாக ஒன்று அடித்து மாட்டினார்கள்.

நான் அந்தக் கல்லூரியை விட்டுப் பத்தாண்டு முடியப்போகிற சமயத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தையில் செடி வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கைடு. கையில் ரோஜாத் தொட்டி, பக்கத்தில் மனைவி. என்னைப் பார்த்ததில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

"இவ யாரு தெரியுமா?" என்று மனைவியிடம் சொன்னார். "என் ஸ்டூடன்ட். பல்சர்ல டாக்டரேட். நாமதான் ஆரம்பிச்சு வெச்சது." என்னிடம் திரும்பி, "வர்ற மாசம் காலேஜுக்கு வந்து பசங்களுக்கு ஒரு லெக்சர் குடும்மா. நேர்மையா ரிசர்ச் பண்றது எப்படின்னு" என்றார். விளையாட்டுக்குக் கூடச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் மறந்தே போயிருந்தார்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். அவருக்காக நான் குரலை உயர்த்தவில்லை.

"இல்லீங்க. நான் இவரோட ஸ்டூடன்ட் இல்ல. இவர்கிட்ட இருக்க முடியாம போனவ. ஏன்னு வீட்டுக்குப் போய் இவரையே கேளுங்க" என்றேன்.

அவர் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. அந்த அம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தார். செடிக்காரர் நடுவில், "இன்னா மேடம், மல்லியா, செம்பருத்தியா? சொல்லிட்டுப் போ" என்றார். செம்பருத்தி என்றேன். அதை வாங்கிக்கொண்டு ரயில்வே கேட் பக்கம் நடந்தேன்.